வந்துச்சாக்காவின் ஒற்றைக் காசு

துண்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. "வந்துச்சா?"

கண்ணாடி இறக்கிய லாரிக்காரர் தன் போனைப் பார்க்கிறார். "வந்துச்சுக்கா. ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு."

"என் பேருதானே காட்டுது?"

"உங்க பேருதான்."

"கடைசி எழுத்து வரைக்கும் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்கா. நீங்கதான். வேற யாரும் ஒத்தக் காசு அனுப்பி உசுர வாங்க மாட்டாங்க."

அதற்குப் பிறகுதான் மீதி போகும். முழு வாடகையும் வந்து சேர்ந்ததும் லாரிக்காரர் இரண்டாவது தடவையாக "வந்துச்சு" சொல்ல வேண்டும். அதையும் சொன்னால்தான் துண்டு விலகும். முகமெல்லாம் வியர்த்து, முடி நாலாபக்கமும் நிற்க, முங்கிக் குளித்து எழுந்தவர் போல அக்கா வெளியே வருவார்.

எங்கள் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பணம் அனுப்பும் செயலியைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்களுக்கு அவர் வந்துச்சாக்கா. யாருக்குப் பணம் கொடுப்பதானாலும் முதலில் ஒற்றைக் காசு, அதாவது ஒரே ஒரு ரூபாய், அனுப்புவார், வந்துச்சா என்று கேட்பார், பெயரைச் சரிபார்ப்பார், பிறகுதான் மீதி. ஒரு டீக்குக்கூட இதே மரியாதைதான். "உன் ஒத்தக் காசு வந்து, நான் வந்துச்சுன்னு சொல்லி, மீதி வர்றதுக்குள்ள டீயில ஆடையே விழுந்துருது" என்று டீக்கடை அண்ணன் புலம்புவார். "ஆடை விழுந்தா எடுத்துப் போட்டுட்டுக் குடிச்சுக்கலாம்ணே. பணம் தப்பா விழுந்தா எடுக்க முடியாது" என்பார் அக்கா. மின்சார அலுவலகத்துக்கும் ஒற்றைக் காசு அனுப்பப் பார்த்திருக்கிறார். செயலி மறுத்துவிட்டது. அதனால் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, அலுவலகத்துக்கு நேரில் போய், கவுன்டரில் தலையை நீட்டி, "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

துண்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அக்காவின் விரல்நுனிகளில் பழைய கீறலும் புதிய கீறலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். போன் அந்தக் கட்டைவிரலை அடையாளம் கண்டுகொள்ளாது. அதனால் ஒவ்வொரு தடவையும் ரகசிய எண்ணை அழுத்தியாக வேண்டும். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முதலில் எல்லாம் ஆட்களுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுத்துவார். கடையின் மூன்று சுவரிலும் விற்பனைக்கு மாட்டிய கண்ணாடி. வாசலில் நிற்பவருக்கு அக்காவின் முதுகு ஒன்று தெரியும், அக்காவின் ரகசியம் மூன்று தெரியும்.

நான்தான் போய்ச் சொன்னேன். "அக்கா, உங்க நம்பர் எங்க கடை வரைக்கும் தெரியுது. இடவலம் மாறித் தெரியுது. பரவாயில்ல, நான் திருப்பிப் போட்டு மனப்பாடம் பண்ணிட்டேன்."

எங்கள் கடை என்பது அடுத்த கதவு. என் அண்ணனின் போன் ரிப்பேர் கடை. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது கிடக்கட்டும். அக்கா உடனே எண்ணை மாற்றினார். கண்ணாடி துடைக்கும் துண்டை எடுத்து, தலையோடு போனையும் சேர்த்து மூடிக்கொண்டார். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள், யாரோ ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிறார் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள்.

இன்னொரு விநோதம். நாளெல்லாம் கண்ணாடி நடுவே நிற்கும் இவர் தன் முகத்தை அதில் பார்ப்பதே இல்லை. கண்ணாடியைப் பார்ப்பார், அதில் குமிழ் இருக்கிறதா, ரசம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். நெற்றியில் மை ஒட்டியிருக்கிறது என்று சொன்னால் போன் கேமராவைத் திறந்து சரிபார்ப்பார். "அதெல்லாம் சரக்குடா. சரக்கைப் போய் யாராவது சொந்தத்துக்கு எடுப்பாங்களா?"

ஒற்றைக் காசுப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். டீக்கடை அண்ணனிடம் சொன்னது இது. "ஒரு நம்பர் மாறிப் போச்சுண்ணே. கண்ணாடிக் கம்பெனிக்குப் போக வேண்டியது யாருக்கோ போயிருச்சு. போன் போட்டுக் கேட்டா, 'நான் பணம் வேணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன், வந்திருக்கு, அத எப்படிம்மா திருப்பித் தர்றது'ங்கிறான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவன் வேண்டினது பலிச்சிருச்சு. நான் வேண்டினது பலிக்கல."

என்னிடம் சொன்னது வேறு. "புதுக் கண்ணாடி வந்தா ஓரத்துல சின்னதா ஒரு கீறல் போட்டுத் தட்டிப் பாப்பேன். சொல்பேச்சு கேக்குற கண்ணாடியா, திமிர் பிடிச்ச கண்ணாடியான்னு தெரிஞ்சிரும். அப்புறம்தான் நடுவுல கை வைப்பேன். பணத்துக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

அவர் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். கட்டரை எண்ணெயில் தொட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மூச்சை நிறுத்தி, ஒரே இழுப்பு. பட்டுத் துணி கிழிவது போல மெல்லிய சத்தம். மேசை விளிம்புக்கு நகர்த்தி ஓர் அமுக்கு. டக். இரண்டு துண்டு. கோடு சரியாக விழவில்லை என்று தோன்றினாலும் அதே கோட்டின்மேல் மறுபடி கட்டரை ஓட்ட மாட்டார். ஓட்டினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். "ஒரு தடவைதான். வந்தா வருது, வரலைன்னா வேற கண்ணாடி."

போனிலும் அப்படியே. பணம் போகாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால், போனை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். மறுபடி அழுத்த மாட்டார். மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பல் டாக்டர் ஒருவர் தன் ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி வாங்க வந்தார். சக்கரம் சுற்றியது. "வேண்டாம் சார், பொறுங்க" என்று அக்கா சொல்லச் சொல்ல இரண்டாவது தடவை அழுத்தினார். இரண்டு தடவையும் போய்விட்டது. கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கொடுக்க அக்கா துண்டுக்குள் போனார். டாக்டருக்கு ஒரு காசு வந்து சேர்ந்தது.

"என்னம்மா, ஒரு காசு வந்திருக்கு?"

"வந்துச்சா? என் பேருதானே காட்டுது?"

எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர் தானே வாயைத் திறந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேசும் பெட்டி இருக்கிறது. பணம் வந்தால் பச்சை விளக்கு எரியும்; ஒரு பெண்குரல் தொகையைச் சொல்லி, "பெறப்பட்டது" என்று முடிக்கும். முன்பு ஒருவன் பணம் அனுப்பிவிட்டதாகப் பச்சை டிக் போட்ட படத்தைக் காட்டி, ஆளுயரக் கண்ணாடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அது போன வருஷத்து டிக். அதற்குப் பிறகு வாங்கிய பெட்டி இது.

எனக்கு இந்தப் பெட்டியை மிகவும் பிடிக்கும். அதன் குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டி, அக்காவின் கையில் கட்டர் இல்லாத நேரமாகப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் ஓட விடுவேன். "ஒரு லட்சம். பெறப்பட்டது." அக்கா திரும்பவே மாட்டார். "டேய் வாலு, பெட்டி பேசினா பச்சை விளக்கு எரியும். உனக்கு எங்க எரியுது, காட்டு பாப்போம்." எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் நான் முழுசாகத் தெரிவேன்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. கடைசியாக வந்த தொகையை மறுபடி சொல்லும் பொத்தான். போகிற போக்கில் அதை அழுத்திவிட்டு வருவேன். வாசல் வரைக்கும் போன வாடிக்கையாளர், இன்னொரு தடவை பணம் போய்விட்டதோ என்று பதறித் திரும்பி ஓடி வருவார். அக்கா அந்தப் பொத்தான்மேல் டேப் ஒட்டிவிட்டார். கண்ணாடி ஓரத்துக்கு ஒட்டுகிற கெட்டி டேப். "வந்ததை ஒரு தடவை கேட்டாப் போதும்" என்றார்.

எனக்குப் புரியாமலிருந்தது காலையில் போகிற முதல் காசுதான். ஷட்டரைத் தூக்கியதும், ஆள் நடமாட்டமே இல்லாதபோது, துண்டு ஒரு தடவை மூடும். ஒரு காசு போகும். அதற்கு மட்டும் "வந்துச்சா?" கிடையாது. மீதியும் போகாது. பச்சை டிக் விழுவதைப் பார்ப்பார், போனைச் சட்டைப் பையில் போடுவார், கட்டரை எண்ணெயில் முக்குவார்.

எனக்கு மண்டை குடைந்தது. நேர்ந்துகொண்டதா, சீட்டா, அக்காவுக்கு யாராவது ஆள் இருக்கிறாரா. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"என் தம்பிக்கு" என்றார்.

"மீதி?"

"மீதி கிடையாது. அவ்வளவுதான்."

அந்தத் தம்பி இதே மேசையில் நின்று கண்ணாடி வெட்டியவர். நாங்கள் இங்கே கடை போடுவதற்கு முந்தைய கதை. ஒரு நாள் பெரிய நிலைக்கண்ணாடியில் கோடு சரியாக விழவில்லையென்று, அதே கோட்டில் மறுபடி கட்டரை ஓட்டினார். கண்ணாடி பிளந்து மணிக்கட்டில் இறங்கியது.

"நான் ஓடி வந்து கண்ணாடியைப் பாத்தேன்டா" என்றார் அக்கா. "போச்சா, முழுசும் போச்சான்னு கத்துனேன். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கையை நான் அப்புறமாத்தான் பாத்தேன்."

தையல் பிரிப்பதற்கு முன்பே தம்பி வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று தெரியாது. அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பும் போகாது, செய்தியும் போகாது. எல்லா வாசலையும் அடைத்த தம்பி, பணம் வருகிற வாசலை மட்டும் அடைக்க மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

"போனை எடுக்க மாட்டான். காசை வேண்டாம்னு சொல்லல. பச்சை டிக் விழுதில்ல, ஆள் இருக்கான்னு அர்த்தம். ஒத்தக் காசுக்கு யாராவது கோவிச்சுக்குவாங்களா?"

"அவரு ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பலியா?"

"நான் என்ன கடனா குடுத்தேன்?" என்று துண்டை உதறினார். அதற்குப் பிறகு நான் எப்படிச் சீண்டியும் அந்தக் கதையை அவர் மறுபடி சொல்லவில்லை. அதுவும் ஒரு தடவைதான் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு காலையில் துண்டு மூடியது மூடியபடியே இருந்தது. "என்னக்கா, உள்ளேயே குடித்தனம் வச்சுட்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தேன். துண்டை விலக்கிப் போனை நீட்டினார். 'உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காணப்படுவதால் பணம் அனுப்பும் வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது.'

உதவி எண் என்று இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதை அவரே தேடி எடுத்து அழைத்துவிட்டார். பணம் போகவில்லை என்றார். மறுமுனையில் தேன் வடிந்தது. "கவலையே படாதீங்க மேடம். ஒரு லிங்க் அனுப்புறேன். அதுல ஒரே ஒரு காசு மட்டும் அனுப்புங்க. வந்துச்சான்னு நான் பாத்துச் சொல்றேன்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாடா, நம்மள மாதிரியே ஒருத்தன்." நான் போனைப் பிடுங்குவதற்குள் துண்டுக்குள் போய்விட்டார். எண்ணை அழுத்தினார். போகவில்லை.

"மறுபடி அழுத்துங்க மேடம்."

"ஒரு தடவைதான் அழுத்துவேன்."

"அட, அழுத்துங்க மேடம்."

"அழுத்தி என்னய்யா ஆகப் போகுது. கணக்கையே பூட்டி வச்சிருக்காங்க. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

தேன் நின்றுவிட்டது. "இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன" என்று சொல்லி, கூடவே பத்திரிகையில் எழுத முடியாத ஒன்றையும் சொல்லி, வைத்துவிட்டான். என் அண்ணன் வந்து அந்த லிங்கைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஒரு காசுன்னுதான் காட்டும். கணக்கு திறந்திருந்தா மொத்தமும் போயிருக்கும்." அக்கா ரகசிய எண்ணை மறுபடி மாற்றினார். "பூட்டினவன் நல்லா இருக்கணும்" என்றார் டீக்கடை அண்ணன். அக்கா அதற்குத் தலையாட்டவில்லை.

சரியான எண் செயலிக்குள்ளேயே ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. அண்ணன் தோண்டி எடுத்துக் கொடுத்தார். இயந்திரக் குரல் அதை அழுத்து, இதை அழுத்து என்றபோதெல்லாம் அக்கா "சரிம்மா", "சொல்லும்மா" என்று பதில் சொன்னார். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. கடைசியில் லைனில் ஒரு பையன் வந்தான்.

"மேடம், நீங்க நெறைய பேருக்கு ஒவ்வொரு காசா அனுப்பியிருக்கீங்க."

"ஆமா."

"அடுத்தவங்க கணக்கைத் திருடுறவங்கதான் மேடம், மொதல்ல ஒரு காசு அனுப்பிச் சோதிச்சுப் பாப்பாங்க."

"என் கணக்குலேர்ந்து என் காசைத்தானே தம்பி அனுப்புறேன்."

"அதுல ஒரு நம்பருக்குத் தினமும் போகுது மேடம். ஒரே நேரம், ஒரே தொகை. அங்கேர்ந்து எதுவுமே திரும்ப வரல. அதான் சிஸ்டத்துக்குச் சந்தேகம்."

"சிஸ்டத்துக்கு அக்கா தம்பி யாரும் இல்ல போல" என்றார்.

அந்தப் பையன் பாவம். "இல்ல மேடம்" என்றான்.

"வர்றது வருமா?"

"வர்றது வரும் மேடம். போறதுதான் போகாது."

நீங்கள்தான் நீங்கள் என்று முகத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டுமாம். அக்கா போனைத் தூக்கிப் பிடித்தார். 'வட்டத்துக்குள் ஒருவர் முகம் மட்டுமே இருக்க வேண்டும்' என்றது அது. பின்னால் அத்தனை கண்ணாடியிலும் அக்காக்கள். தெருவுக்குப் போனால், 'வெளிச்சம் அதிகம்.' எங்கள் கடைக்குள் வந்தால், 'வெளிச்சம் போதாது.' கடைசியில் கண்ணாடியைச் சுற்றிக் கட்டி வரும் சாக்கை நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சுவர்க் கண்ணாடிகளை மறைத்துக்கொண்டு நின்றோம். 'இப்போது சிரிக்கவும்' என்றது போன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தார். பல் டாக்டரிடம் காட்டுவது போலத்தான் வந்தது. சாக்குக்குப் பின்னாலிருந்து நான் பெட்டியின் குரலில், "சிரிப்பு. பெறப்படவில்லை" என்றேன். சிரித்துவிட்டார். டிக் விழுந்தது. 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.'

பரிசீலனை நீண்டுகொண்டே போனது. வியாபாரத்துக்குக் குறை இல்லை. கூலியை ரொக்கமாகக் கொடுத்தார். ரொக்கத்தைக் கையில் வாங்கும்போதும் லாரிக்காரர் பழக்கதோஷத்தில் "வந்துச்சுக்கா" என்றார். காலைகள்தான் சரியில்லை. ஷட்டரைத் தூக்குவார், போனை எடுப்பார், துண்டை எடுப்பார், இரண்டையும் வைத்துவிடுவார். ஒரு நாள் அளவைத் தப்பாக வெட்டினார். அதற்கு முன்பு நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என் போன்லேர்ந்து அனுப்பட்டுமாக்கா?"

"உன் பேரு காட்டும். எவனோன்னு நெனைச்சுத் திருப்பி அனுப்பிருவான். அப்புறம் இந்த வாசலையும் அடைச்சிருவான்."

"கொஞ்ச நாள் போகலைன்னா என்னக்கா ஆயிரும்?"

"நான் விட்டுட்டேன்னு நெனைச்சுக்குவான்டா" என்றார். "இவ்வளவு நாள் கதவைத் தட்டிக்கிட்டே இருந்துட்டு, இப்ப கையை எடுத்துட்டேன்னு ஆயிருச்சில்ல."

அந்த வாரம் முழுவதும் பெட்டியின் குரலை ஓடவிடவில்லை.

பிறகு ஒரு காலை. இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் போகிறேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒரு நிலைக்கண்ணாடிமேல் ஸ்கேலை வைத்துக்கொண்டிருந்தார். கட்டரை எண்ணெயிலிருந்து எடுத்திருந்தார். இன்னும் கோடு போடவில்லை.

"ஒன்று. பெறப்பட்டது."

அக்கா நிமிரவில்லை. "வாலு, கையில கட்டர் இருக்கு. இன்னிக்கு வேணாம்."

"நான் இல்லக்கா."

எதிர்ச்சுவர்க் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என் இரண்டு கையிலும் டீ. அதே கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடையில் வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை.

போனை எடுத்தார். துண்டு இல்லாமல், மூன்று சுவருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு பெயரைப் படித்தார். கடைசி எழுத்து வரைக்கும் படித்திருக்க வேண்டும், அவ்வளவு நேரமாயிற்று. பதிலுக்கு ஒரு காசு அனுப்ப வழியில்லை. கணக்கு இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

"வந்துச்சு" என்றார், யாரும் கேட்காமலே.

டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அக்கா கட்டரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியிடம் போனார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். கெட்டி டேப், வரவில்லை. கட்டைவிரலால் சுரண்டிச் சுரண்டி உரித்தார். பொத்தானை அழுத்தினார்.

"ஒன்று. பெறப்பட்டது."

தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மறுபடி அழுத்தினார்.